சாம்பாரில் கலக்கலாமா?

"எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்க, டாக்டர்" என்று கேட்கிற சகோதரிகள் உண்டு. குடியை நிறுத்த உதவும் டைசல்ஃபிராம் மாத்திரைதான் அது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் வாந்தி, படபடப்பு வந்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் 14 நாள் வரை இந்தப் பயம் உண்டு.

நோயாளிக்கு விளக்கி, சம்மதம் பெற்றுத்தான் வைத்தியம் செய்யணும் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதனால் டாக்டர் மறுத்தால் கோபிக்காதீங்க. கட்டணம் வாங்கிக்கொண்டு, எச்சரிக்காமலே எழுதிக் கொடுத்து விபரீதம் நேர்ந்தால், அவர்மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்; 1995 தீர்ப்பு அதற்கு வழி செய்திருக்கிறது. மருந்துச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். முதலில், நயமாகப் பேசி அவரையே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.