மூன்று படங்களுக்கு நடுவே

பாய்ந்து ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஏதாவது ஒரு கணத்தில் தரையை விட்டு எழும்புமா என்பது 19ஆம் நூற்றாண்டில் தீராத சர்ச்சையாக இருந்தது. ஓவியர்கள் தங்களளவில் அதைத் தீர்த்து வைத்திருந்தார்கள். முன்னங்கால்கள் முன்னோக்கியும் பின்னங்கால்கள் பின்னோக்கியும் நீண்டிருக்க, குதிரை காற்றில் மிதப்பதாகவே வரைந்தார்கள். 1821இல் ஜெரிக்கோ தீட்டிய எப்சம் பந்தய ஓவியத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1878 ஜூன் மாதம், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், எட்வர்ட் மைப்ரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை இடறிச் செல்லச் செல்ல ஒவ்வொன்றாகப் படமெடுக்குமாறு செய்தார். கால்கள் நான்கும் எழும்பத்தான் செய்தன. ஆனால் நீண்டிருந்தபோது அல்ல. வயிற்றுக்கடியில் மடங்கிக் குவிந்திருந்தபோது. கண்ணுக்கு எட்டாத இடைவெளியை ஓவியர்கள் அழகாக நிரப்பியிருந்தார்கள், தவறாக.

அந்தப் படங்கள் இன்று இணையத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஜிஃப் கோப்பாகக் கிடைக்கின்றன. மைப்ரிட்ஜ் பார்த்தால் பொறாமைப்பட்டிருப்பார். அவருடைய ஸூப்ராக்ஸிஸ்கோப் கருவியில் பெரும்பாலும் சுழன்றவை புகைப்படங்களே அல்ல. அவற்றைப் பார்த்துக் கண்ணாடி வட்டுகளில் கையால் வரைந்த உருவங்கள். கருவி அவற்றைக் குறுக்கிக் காட்டும் என்பதால் முன்கூட்டியே நீட்டி வேறு வரைய வேண்டியிருந்தது. இன்று ஓர் உலாவி போதும். படங்களைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று குறித்துவிட்டால், வண்ணங்களை 256க்குள் அடக்கி, சுருக்கி, ஒரே கோப்பாகக் கட்டித் தந்துவிடும். இத்தகைய பக்கங்களில் சில, படங்களை வெளியே எங்கும் அனுப்பாமல் நம் கணினிக்குள்ளேயே வேலையை முடித்துவிடுபவை. குடும்பப் படங்களுக்கு அவற்றைத் தேடிப் பிடிப்பது நல்லது.

இந்த வடிவம் 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் குழுவினரால் உருவானது. காத்திருப்பு நேரத்தை நூறில் ஒரு பங்கு விநாடி என்ற அளவில் குறிக்கும் வசதி 1989இல் வந்தது. முடிவில்லாமல் சுழலவைக்கும் வித்தையைச் சேர்த்தது 1995இல் வெளிவரத் தொடங்கிய நெட்ஸ்கேப் 2.0. அந்த உலாவிக்கான ஆதரவு 2008இல் நின்றுபோனது. ஆனாலும் இன்றுவரை, சுழலும் ஜிஃப் ஏறக்குறைய ஒவ்வொன்றின் வயிற்றிலும் அதன் பெயர் எழுதப்படுகிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல.

நான் இந்த வேலையில் இறங்கியது அப்பாவால். அவர் சிரிக்கும் புகைப்படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. முன்பல்லொன்று பாதி உடைந்திருந்ததால் கேமராவைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்வார். அவர் போன பிறகு, ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த நெகட்டிவ் துண்டு ஒன்று கிடைத்தது. அடுத்தடுத்து மூன்று படங்கள். முதலாவதில் வழக்கமான இறுக்கம். இரண்டாவதில் தலை சற்றே இடப்புறம் திரும்பியிருக்கிறது, கன்னம் மேலேறத் தொடங்கியிருக்கிறது. மூன்றாவதில் கை வாயைப் பொத்தியிருக்கிறது. சிரிப்பு இரண்டாம் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் நடுவே எங்கோ நடந்து முடிந்துவிட்டது.

ஸ்கேன் செய்து சேர்க்கும்போது ஒரு சிக்கல். கண்களை ஒரே இடத்தில் பொருத்தினால் அப்பா அசையாமல் நின்றார், கல்யாண மண்டபம் ஆடியது. பின்னாலிருந்த தூணைப் பொருத்தியதும் மண்டபம் நின்றது, அப்பா அசைந்தார். தூண்தான் சரி. முதல் படத்துக்கு அரை விநாடி, இரண்டாவதற்குச் சற்றுக் கூடுதல், மூன்றாவதற்கு ஒன்றரை விநாடி.

இதே சமயத்தில் தங்கை வேறொரு காரியம் செய்திருந்தாள். ஒற்றைப் புகைப்படத்தைக் கொடுத்தால் அதில் இருப்பவரை அசையவைத்துத் தரும் தளங்கள் இருக்கின்றன அல்லவா? 2021 பிப்ரவரியில் மைஹெரிட்டேஜ் நிறுவனம் தன் 'டீப் நாஸ்டால்ஜியா'வை வெளியிட்டபோது உலகமே தன் பாட்டன் பாட்டிகளைக் கண்சிமிட்ட வைத்தது. வேறு யாரையோ முன்பே படமெடுத்து வைத்திருந்த அசைவுகளை நம்மவர் முகத்தில் ஏற்றுவதே அதன் செய்முறை. அவ்வகைத் தளம் ஒன்றில் தங்கை முதல் படத்தை மட்டும் கொடுத்திருந்தாள். அப்பா தலையைத் திருப்பினார், இமைத்தார், சிரித்தார். முத்துக் கோத்ததுபோல் முழு வரிசைப் பல்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்ப்பா, இது யாரு பல்லு?"

என் ஜிஃபைப் பார்த்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாலைந்து சுற்று ஓடவிட்டாள். பிறகு, "அந்தப் பக்கம் நின்னது உன் சின்ன மாமா. சாம்பார் வாளியோட வழுக்கி விழப் பார்த்தான்" என்றாள். படத்தின் எல்லைக்கு வெளியே நின்ற மாமாவை நாங்கள் அன்றுதான் அறிந்தோம்.

இயந்திரம் கற்பனை செய்யக்கூடாது என்றெல்லாம் சொல்ல எனக்கு உரிமையில்லை. பலருக்குக் கைவசம் இருப்பதே ஒரு படம்தான். சிலருக்கு அதுவும் இல்லை. தங்கை இன்னும் அந்த அசையும் முகத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கிறாள், அதில் அவளுக்கு ஆறுதல் கிடைக்கிறது. ஆனால் நாம் நிரப்பியது எது, நிகழ்ந்தது எது என்ற கோடு அழியும்போது இழப்பு பார்ப்பவனுக்கு மட்டுமல்ல, படத்தில் இருப்பவருக்கும்தான். 2021 ஏப்ரலில், கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் எடுக்கப்பட்ட கைதிகளின் படங்கள் வண்ணமூட்டப்பட்டு வைஸ் இணைய இதழில் வெளியாயின. சாவுக்குக் காத்திருந்தவர்களின் முகங்கள் சிலவற்றில் புன்னகை சேர்க்கப்பட்டிருந்தது. கம்போடியக் கலாச்சார அமைச்சகம் கண்டித்தது. இதழ் கட்டுரையை விலக்கிக்கொண்டது. அவை அசையாத படங்கள்தாம். என்றாலும் அங்கே செலுத்தப்பட்ட கை இதே கைதான்.

மூன்று படங்களைக் கோத்த ஜிஃப் வெட்டி வெட்டித்தான் ஓடுகிறது. வண்ணம் குறைந்து புள்ளி புள்ளியாகவும் தெரிகிறது. உறவினர் சிலர், "இதைவிட வழவழப்பாக ஓடாதா?" என்று கேட்டார்கள். நடுவில் படங்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் வசதியும் இப்போது வந்துவிட்டது, நான் அதைத் தொடவில்லை. கேட்பவர்களுக்குக் கோப்பை அனுப்பும்போது, அந்த மூன்று படங்களையும் தனித்தனியாகக் கூடவே சேர்த்து அனுப்புகிறேன்.