குடி மாறினால் சாவியும் மாற வேண்டும்

வாடகைக்கு ஆள் மாறும்போது வெள்ளையடிக்கிறோம், ஒழுகும் குழாயை மாற்றுகிறோம், சமையல் மேடைக்கு மேலே படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுகிறோம். வாசல் கதவுப் பூட்டை மட்டும் தொடுவதில்லை. போனவர் தந்த சாவியை அப்படியே வந்தவர் கையில் கொடுத்துவிடுகிறோம். இது கூடாது. பூட்டை மாற்றித் தருவது வீட்டுக்காரரின் வேலை. திருச்சி தில்லைநகரில் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரனாகவே இதைச் சொல்கிறேன்.

போகிறவர் இரண்டு சாவியைத் திருப்பித் தருவார். இடைப்பட்ட காலத்தில் எத்தனை சாவி வெட்டினார்கள் என்பது அவருக்கே நினைவிருக்காது. ஊரிலிருந்து வந்து தங்கிய மாமனாரிடம் ஒன்று, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் ஒன்று, வீடு காட்டுவதற்காக புரோக்கரிடம் சில நாள். டூப்ளிகேட் சாவி போடுகிறவர் மெஷினில் வைத்துச் சில நிமிடத்தில் அறுத்துத் தந்துவிடுவார். யார் வீட்டுச் சாவி என்று கேட்பவர் அபூர்வம். இவர்களில் யார்மீதும் நான் பழி போடவில்லை. நாளைக்கு ஏதாவது காணாமல் போய், கதவும் உடையாமல் இருந்தால், நேற்றுவரை குடியிருந்த நல்ல மனிதரின் பெயரும் விசாரணையில் இழுபடும். அவருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, கதவுப் பூட்டு மாற்றுவதைக் குடியிருப்பவர் தலையில் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட் எல்லாம் அதே பட்டியலில் வருகின்றன. புழங்கித் தேய்ந்த பூட்டென்றால் சரி. குடிவரும் நாளன்றே நம்ப முடியாத பூட்டை எப்படி அவர் கணக்கில் எழுதுவது?

செலவுதான் தடை என்பார்கள். இப்போதைய மார்டைஸ் பூட்டுகள் பலவற்றில் முழுப் பூட்டையும் கழற்ற வேண்டாம், சிலிண்டரை மாற்றினால் போதும். கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். சாவித் துளைக்கு நேராக, பட்டைத் தகட்டில் ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பினால் உள்ளே துருத்திய நாக்கு சிலிண்டரோடு ஒரே மட்டத்துக்கு வரும், அப்படியே உருவிவிடலாம். அந்த ஸ்க்ரூ துளையிலிருந்து இரு முனைக்கும் அளவெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 60 மி.மீ., 70 மி.மீ. என்று அளவுகள் உண்டு. நீளமானதை வாங்கி வெளிப்பக்கம் துருத்தவிட்டால் பிடித்து முறிக்க வசதியாகிவிடும். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கிறது. பழைய லீவர் பூட்டாக இருந்தால் முழுதாக மாற்றத்தான் வேண்டும், ஆசாரியும் வேண்டும். அவர் வந்த கையோடு நிலையில் இருக்கும் தகட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அரை அங்குல ஸ்க்ரூவில் நிற்கிற தகடு ஒரு உதைக்குப் பிய்ந்து வரும்; நீள ஸ்க்ரூவாக, மரத்தில் ஆழமாக இறங்க வேண்டும்.

போன முறை மாடிக்கு இரண்டு நர்ஸ் பெண்கள் வந்தார்கள். கூட வந்த ஒருத்தியின் அம்மா, ஹாலையும் பாத்ரூமையும் பார்த்து முடித்துவிட்டு வாசலிலேயே நின்றார். “இந்தப் பூட்டுக்கு வேற யார்கிட்டயாவது சாவி இருக்கா சார்?” “சிலிண்டர் புதுசும்மா. சாவிக் கவர் இன்னும் பிரிக்கல.” அவர் கவரை வாங்கி ஒட்டியிருந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அட்வான்ஸ் பேச்சே எடுத்தார். நைட் ட்யூட்டி முடித்துப் பகலில் தூங்குகிற பெண்களை வெளியூரில் விட்டுவிட்டுப் போகிற தாய் வேறு எதை முதலில் கேட்பார்?

டிஜிட்டல் பூட்டு போட்டவர்களுக்கும் இது உண்டு. பழைய விரல்ரேகைகளை அழித்து, மாஸ்டர் நம்பரைக் குடிவருகிறவரே அமைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சாவி நம்மிடம் இருக்கட்டுமே என்கிற வீட்டுக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வீட்டைப் பார்க்கவோ பழுது பார்க்கவோ உள்ளே போக வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்னதாகவே தகவல் தர வேண்டும். அப்படியிருக்க நம் பீரோவில் அவர்கள் வீட்டுச் சாவி எதற்கு? தண்ணீர்க் குழாய் வெடித்தால், உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் என்ற கவலை நியாயமானது. அதற்கு ஒரு சாவியை யாரிடம் கொடுத்து வைப்பது என்று குடியிருப்பவர் முடிவு செய்யட்டும். என் வீட்டுப் பெண்கள் அதை எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் நான் சேர்த்திருக்கும் வரி இது: “குடிவரும் நாளில் வாசல் பூட்டின் சிலிண்டர் உரிமையாளர் செலவில் மாற்றப்பட்டது, சாவிகள் அனைத்தும் வாடகைதாரரிடம் ஒப்படைக்கப்பட்டன.” வேண்டுகிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.