சிவப்பு சிப்பும் பாவமன்னிப்பும்

சென்ற சாரலில் குற்றாலத்தில், ஐந்தருவிப் பக்கம் ஒரு திண்ணையில் நாலைந்து பேர் கூடியிருந்தோம். ரசிகமணி கம்பனைச் சுவைத்துச் சொன்ன ஊரில் பேச்சு ரோபோவுக்குப் போயிற்று. கவிஞரான நண்பர் ஒரே போடாகப் போட்டார்: தமிழ் விஞ்ஞானக் கதையில் பாவம் செய்து மீட்சி பெற்ற ஒரே பாத்திரம் ‘எந்திரன்’ (2010) படத்தின் சிட்டிதான், அது தன்னைத்தானே கழற்றிக்கொள்வது ததீசி முதுகெலும்பைக் கொடுத்ததற்குச் சமானம். எல்லோரும் தலையாட்டினார்கள். குளித்த சுகத்தில் நானும் ஆட்டினேன். தென்காசி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எரிச்சல் வந்தது.

சினிமாதானே என்று தள்ளிவிட முடியாது. படத்தின் முன்பாதியில் நிஜமான ஒரு சிக்கல் இருக்கிறது. தீ விபத்தில், குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கிவந்து காமிராக்கள் முன் நிறுத்துகிறது. அவள் மானம் பொறாமல் ஓடி, வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். காப்பாற்றியதும் கொன்றதும் ஒரே செயல். பிறகு அதற்கு உணர்ச்சி வருகிறது. படைத்தவனின் காதலியையே விரும்புகிறது. படைத்தவன் கோடரியால் வெட்டிக் குப்பைமேட்டில் போடுகிறான். இதுவரை நம்மைச் சும்மா இருக்கவிடவில்லை.

அப்புறம் போரா சிவப்பு சிப்பைச் செருகுகிறார். அத்தோடு சிக்கல் தீர்ந்தது. ஆசை முன்னமேயே வந்துவிட்டது, காயமும் முன்னமேயே பட்டாயிற்று. ஆனாலும் கொலைகள் எல்லாம் சிப்பின் கணக்கில். கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டு வசீகரனை விடுவிக்கிறது. சிப்பைப் பிடுங்கியதும் சிட்டி பரிசுத்தம். இதற்குப் பெயர் மீட்சியல்ல, ரிப்பேர்.

மன்னிப்புக் கேட்கிறதே என்பார் நண்பர். கேட்கிறது, வசீகரனிடமும் சனாவிடமும். அதாவது வீட்டு மனிதர்களிடம். செத்துக் கிடந்தவர்களின் வாசலுக்கு யாரும் போகவில்லை. கோடரி பிடித்த கையை யாரும் கேட்கவுமில்லை.

1816-ன் மழைக்கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில் மேரி ஷெல்லி எழுதத் தொடங்கி 1818-ல் வெளியிட்ட ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ இந்த இடத்தில்தான் பெரிய எழுத்தாகிறது. அந்தப் பிராணி சுவர் இடுக்கு வழியாக ஒரு குடும்பத்தைப் பார்த்துப் பார்த்துப் பேச்சுக் கற்கிறது. அவர்களுக்கு ஒளிந்திருந்து விறகு சேர்த்து வைக்கிறது. முகம் காட்டியதும் அடிபடுகிறது. கொலைகாரனாகிறது. கடைசியில் படைத்தவனின் பிணத்தருகே நின்று, உலகம் தனக்குச் செய்ததையும் தான் செய்ததையும் சேர்த்தே சொல்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கவில்லை. பிடுங்கி எறிய அதனிடம் சிப் எதுவுமில்லை.

நம்மிடமும் இல்லாமல் போகவில்லை. புதுமைப்பித்தனின் அகலிகை ‘சாபவிமோசன’த்தில், சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்டு மறுபடி கல்லாகிறாள். மீட்டவனின் நியாயமே ஆட்டம் கண்டபின் அவன் தந்த மீட்சி அவளுக்கு எதற்கு?

சிட்டிக்குக் கிடைத்த இடம் எது? 2030-ல் மியூசியத்தில் பள்ளிப்பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும் கண்ணாடிக்கூண்டு. ‘2.0’ (2018) இன்னும் ஒருபடி மேல். எதிரியை அடிக்கவேண்டிவந்ததும், பாவமென்று பிடுங்கிய அதே சிவப்பு சிப்பைத் திரும்பச் செருகுகிறார்கள். தேவைப்பட்டால் உறவு, தேவையில்லாவிட்டால் உதிரிபாகம். இதில் போய் ததீசியைத் தேடுவது ரசனையின் சோம்பேறித்தனம்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். குற்றாலம் போனதற்கு முந்தின நாள், கௌண்டரில் என் முன்னால் ஒரு கிழவி. பீடி சுற்றித் தேய்ந்த விரல். முதியோர் பென்ஷனுக்காக நாலு தரம் வைத்துப் பார்த்தாள், ரேகை விழவில்லை. “மெஷின் எடுக்கல பாட்டி, நாளைக்கு வாங்க” என்றேன். மேனேஜரிடம் எழுந்துபோய்ச் சொல்லியிருந்தால் வேறு வழியில் கொடுத்திருக்கலாம். சாப்பாட்டு நேரம், எழுந்திருக்கவில்லை. “சரிய்யா” என்று போனாள். பழியை மெஷின் ஏற்றுக்கொண்டது. எனக்கும் ஒரு சிவப்பு சிப் இருந்தது.

மறுநாள் அவள் வந்திருப்பாள். நான் லீவு. ஐந்தருவித் திண்ணையில் உட்கார்ந்து, மீட்சிக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.