சுவருக்கு வெளியே நின்று சமையலறையைச் சொல்வார்களாம்!

தெருவில் நின்று லேசரால் வீட்டை அளந்தால், உள்ளே எத்தனை அறை, சமையலறை எந்தப் பக்கம் என்று கணினி சொல்லிவிடுமாம். அதற்கென்றே ஆராய்ச்சிகள் நடக்கின்றன. கிளி ஜோசியக்காரர்கள் பிழைப்பு அவ்வளவுதான்!

லேசர் சுவரைத் துளைத்துப் பார்ப்பதில்லை. ஒளி சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கிறது. அதில் கிடைப்பது வெளிச்சுவர், சன்ஷேட், ஜன்னல் இருக்கும் இடம், மாடியின் உயரம். உள்ளே இருப்பதெல்லாம் ஊகம்தான். உயரத்தில் சின்ன ஜன்னலா, அப்படியானால் குளியலறை... இப்படி, முன்பு பார்த்த வரைபடங்களை வைத்துக் கணிப்பது.

யார் வீட்டு வரைபடம்? இத்துறையில் அதிகம் புழங்கும் தொகுப்புகளில் கியூபிகாசா பின்லாந்து வீடுகள். ஸில்லோ 2021ல் வெளியிட்டது அமெரிக்க வீடுகள். ஹெல்சிங்கியில் பாடம் படித்துவிட்டு அம்பத்தூரில் பரீட்சை எழுதினால் என்ன ஆகும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வீடு ஒரேயடியாகக் கட்டப்படுவதில்லை. முதலில் கீழ்த்தளம். பெண் கல்யாணக் கடன் அடைந்ததும் மாடி. பிறகு ஹாலின் நடுவே சுவர் எழுப்பி இரண்டு போர்ஷன். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நாலு பையன்கள் ஒன்றில். சமையல் வராண்டாவுக்குப் போயிருக்கும். பழைய சமையலறை ஜன்னல் மட்டும் அப்படியே நிற்கும். வெளியே நிற்கும் லேசருக்கு இது எப்படித் தெரியும்?

தப்பானால் என்ன என்கிறீர்களா? மத்திய அரசின் நக்‌ஷா திட்டம் 2025 பிப்ரவரியில் 152 நகரங்களில் தொடங்கியது. வானிலிருந்து நகர நிலங்களை அளக்கிறார்கள். சில இடங்களில் லேசரும் உண்டு. தாராளமாக அளக்கட்டும். ஆனால் அப்படிக் கிடைத்த அளவின் மேல் நாளை யாராவது ஊகத்தை ஏற்றி 'உள்ளே மூன்று போர்ஷன்' என்று வரிக் கணக்கில் எழுதினால்? கூடுதல் வரி குடித்தனக்காரர் வாடகையில்தான் விடியும். தீ விபத்தில் உதவுமே என்பார்கள். வரைபடம் இல்லாத தீயணைப்பு வீரர் தடவித் தடவிப் போவார். தப்பான வரைபடம் வைத்திருப்பவர் இல்லாத கதவை நம்பிப் போவார்.

கணிப்பு சரியாக வந்தாலோ இன்னும் வம்பு! தெருவில் நின்று வெப்பக் கருவியால் வீட்டுக்குள் நடப்பதை அறிவதும் சோதனைதான், அதற்கு வாரண்ட் வேண்டும் என்று 2001லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள்.

சுவருக்கு வெளியே அளவு, உள்ளே அனுமதி. அறைக் கணக்கு வேண்டுமென்றால் கதவைத் தட்டிக் கேட்கட்டும். ஊகத்தை எழுதியே தீரவேண்டுமென்றால் 'ஊகம்' என்றே எழுதி, குடியிருப்பவரிடம் காட்டித் திருத்தட்டும்.