கோட்டுக்கு வெளியே நிக்கிறவங்களுக்கும் விதி வேணும்

கபடியில் உள்ளே ஆடும் பிள்ளைகளுக்கு விதி நிறைய இருக்கு. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பாடிப் போறவனுக்கு 30 விநாடி. கோட்டைத் தாண்டிக் கால் வெச்சா அவுட். நடுவர்கிட்ட வம்பு பண்ணினா முதல்ல பச்சை அட்டை, அப்புறம் மஞ்சள் அட்டை காட்டி ரெண்டு நிமிஷம் வெளியே உக்கார வெப்பாங்க, அதுக்கும் அடங்கலைன்னா சிவப்பு அட்டை. ஆனா கோட்டுக்கு வெளியே நின்னு கத்துற அப்பா, சித்தப்பா, மாமாவுக்கு ஒரு விதியும் கிடையாது.

எங்க ஊர் சின்னப் பசங்க கபடி கிளப்புல இந்த வருஷம் அதுக்கு ஒரு காகிதம் போட்டிருக்கோம். பிள்ளை கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பெத்தவங்க கையெழுத்துப் போடணும். இல்லைன்னா பேர் சேர்க்க மாட்டோம். ஊர்ல இதுக்கு ரெண்டு கட்சி ஆயிடுச்சு. டீக்கடையில தினமும் பஞ்சாயத்து. நான் காகிதத்தோட கட்சி. ஏன்னு சொல்றேன்.

கிளப்புன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. கோயில் திடல்ல மண்ணைக் கொத்திப் பரப்பி, சுண்ணாம்புல கோடு போட்டிருக்கோம். ஒரு விசில், ரெண்டு விளக்கு, அவ்வளவுதான். பத்து வயசுலேர்ந்து பதினாறு வரைக்கும் இருபத்திச் சொச்சம் பிள்ளைங்க. அதுல ஏழு பேர் பொண்ணுங்க. பழக்கி விடுறவர் ஒரு காலத்துல மாவட்ட அணிக்கு ஆடினவர், இப்போ நெல் லாரி ஓட்டுறார். சம்பளம் எதுவும் கிடையாது. சம்பா அறுப்பு முடிய முடிய ஊருக்கு ஊர் போட்டி ஆரம்பிச்சு, சித்திரை வைகாசித் திருவிழா வரைக்கும் ஓடும்.

பெத்தவங்க ஏன் இப்படிக் கத்துறாங்கன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். வெறும் வெறி இல்ல அது. தமிழ்நாட்டு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. ரயில்வே, போலீஸ்னு அணிகள் இருக்கு. 2025-ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல நம்ம பிள்ளைங்க ரெண்டு பேர் கபடியில தங்கம் வாங்கினாங்க. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா, எங்க டெல்டாவுல வடுவூர் அபினேஷ். ஆளுக்கு 25 லட்சம் ரூபா கொடுத்துச்சு அரசு. அன்னைக்கு எங்க ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் மகனைத் திரும்பிப் பார்த்திருப்பாங்க. மூணு மா நிலத்தை வெச்சுக்கிட்டு, ஒரு வருஷம் மழையில போச்சு, ஒரு வருஷம் விலையில போச்சுன்னு இருக்கிற மனுஷனுக்கு அந்தப் பையன் காலு ஒரு வழியாத் தெரியுது. அந்த ஆசையை நான் கேலி பண்ண மாட்டேன். ஆனா அந்த ஆசையோட பாரம் பதிமூணு வயசுத் தோள் மேல இறங்குது பாருங்க, அங்கதான் எனக்கு வழக்கு.

ஒரு பாட்டுக்கு 30 விநாடின்னு சொன்னேன் இல்லையா. அந்த 30 விநாடிக்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. எதிர்ல ஆறு பேர் நிக்கிறாங்க, அதனால போனஸ் கோடு இருக்கு. பழக்குறவர் "சும்மா தொட்டுட்டு வா, இப்ப நம்ம முன்னாடி இருக்கோம்"னு சொல்லி அனுப்பியிருக்கார். வடக்குப் பக்கம் அப்பா, "போனஸ் எடுடா, என்னடா பொம்பள மாதிரி நிக்கிற"ன்னு கத்துறார். தெக்குப் பக்கம் மாமா வேற ஏதோ சொல்றார். பையன் பழக்குறவரைப் பார்க்கிறான், அப்பாவைப் பார்க்கிறான், எதிராளியைப் பார்க்க மறந்துடறான். ஓரத்துல நிக்கிறவன் கணுக்காலைப் புடிச்சுடறான். ஆட்டம் முடிஞ்சு வண்டியில பின்னாடி உக்காந்து வீடு போற வரைக்கும் அர்ச்சனை நடக்கும். வீட்டுல அம்மா முன்னாடி இன்னொரு தடவை. மறுநாள் பையன் களத்துக்கு வந்தா முகத்துல விளையாட்டு இருக்காது. அப்பாவைத்தான் பயந்து பார்த்துக்கிட்டு இருப்பான்.

கத்துறது காதோட போகும்னு வெச்சுக்கலாம். எடை விஷயம் அப்படி இல்ல. கிராமத்துல சின்னப் பசங்க போட்டி பெரும்பாலும் எடைப் போட்டி. 45 கிலோ, 55 கிலோன்னு நோட்டீஸ் அடிப்பாங்க. பையன் ஒன்றரை கிலோ கூட இருந்தா, முந்தின நாள் ராத்திரியிலேர்ந்து பட்டினி. தண்ணிகூட குடுக்கிறதில்ல. ரெண்டு சட்டையை மாட்டிவிட்டு சித்திரை வெயில்ல ஓட விடுறாங்க. எடை மேடையில ஏறி இறங்கினதும் ரெண்டு பரோட்டாவைத் திணிச்சு ஆட அனுப்புறாங்க. 1997-ல அமெரிக்காவுல மூணு கல்லூரி மல்யுத்த வீரர்கள், ஒண்ணரை மாசத்துக்குள்ள ஒருத்தர் பின்னாடி ஒருத்தர், இப்படி வேர்வையை வெளியேத்தி எடை குறைக்கப் போய்ச் செத்தே போனாங்க. அதுக்கப்புறம்தான் அங்க விதியை இறுக்கினாங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல வினேஷ் போகட் 100 கிராமுக்காக வெளியேறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒலிம்பிக் வரைக்கும் போனவங்க, கூடவே டாக்டர் இருந்தவங்க பாடே அப்படின்னா, வளர்ற பிள்ளைக்குத் தண்ணி குடுக்காம நிறுத்தறதுக்கு நமக்கு யார் அதிகாரம் கொடுத்தா?

அடுத்தது அடி. பசங்க அடியை மறைக்கிறாங்க. முழங்கால் வீங்கினாலும் பேன்ட்டைப் போட்டு மூடிக்கிட்டு வர்றாங்க. சொன்னா உக்கார வெச்சுடுவாங்க, உக்கார வெச்சா அப்பா கேப்பார். முழங்கால் சவ்வு போனா, அது வாழ்நாள் முழுக்கக் கூட வரும். வேலைக்கு ஒதுக்கீடு வாங்கித் தர வேண்டிய காலு, வரப்புல நடக்கிறதுக்கே ஆகாமப் போகும்.

பொண்ணுங்க கதை வேற. அவங்க அப்பாமார் கத்துறதில்ல, பாதிப் பேர் வர்றதே இல்ல. வெளியூர்ப் போட்டியில கூட்டத்துலேர்ந்து வர்ற பேச்சுதான் அவங்களுக்குப் பிரச்சனை. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன் வாய்க்கு வந்ததைப் பேசுவான், நம்ம ஊர்ப் பெரியவங்க சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. ஒரு பொண்ணு அதைக் கேட்டுட்டு மறுவாரமே நின்னுடுச்சு. நல்லா புடிக்கிற பொண்ணு. அதுக்கு யாரும் அவுட் கொடுக்கல, தானாப் போயிடுச்சு.

இதையெல்லாம் வெச்சுத்தான் காகிதம் எழுதினோம். பிள்ளைகளுக்கு உள்ளது இவ்வளவுதான்:

தொட்டாங்கன்னு தனக்குத் தெரிஞ்சா, நடுவர் பார்க்கலைன்னாலும் கையத் தூக்கிட்டு வெளியே போகணும். நடுவர்கிட்ட அணித் தலைவர் மட்டும்தான் பேசணும். ஜெயிச்சாலும் தோத்தாலும் எதிர் அணிக்குக் கை கொடுக்காம களத்தை விட்டுப் போகக் கூடாது. அடி பட்டா அன்னைக்கே சொல்லணும். எந்தத் தெருப் பையனையும் தெருப் பேர், சாதிப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

பெத்தவங்களுக்கு உள்ளது:

களத்தைச் சுத்திப் பத்தடி தள்ளி ஒரு கயிறு கட்டியிருக்கும், அதுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கணும். கை தட்டலாம், பேர் சொல்லி உற்சாகப்படுத்தலாம். எப்படி ஆடணும்னு சொல்லக் கூடாது, அது பழக்குறவர் வேலை. எந்தப் பிள்ளையையும், எதிர் அணிப் பிள்ளையையும் சேர்த்துத்தான், திட்டக் கூடாது. குடிச்சுட்டு வரக் கூடாது. எடைக்காகப் பட்டினி போடக் கூடாது. எடை கூடினா அடுத்த பிரிவுல ஆடட்டும். வயசுச் சான்றிதழ்ல கை வைக்கக் கூடாது. பொண்ணுங்க வெளியூர் போனா, வரிசை வெச்சு ஒரு அம்மா கூடப் போகணும்.

மீறினா என்ன பண்றது? இதுலதான் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பேசினோம். பையனை ஒரு ஆட்டம் உக்கார வெச்சா அப்பா அடங்குவார்னு சிலர் சொன்னாங்க. அது நியாயமே இல்ல. கத்தினது அவர், தண்டனை பிள்ளைக்கா? கடைசியில முடிவானது, ஆட்டத்தை நிறுத்திட்டு அவர் டீக்கடை தாண்டிப் போற வரைக்கும் விசில் ஊதறதில்ல. அப்பவும் பையனுக்குத் தலை குனிவுதான், இல்லைங்கல. ஆனா அவன் திரும்ப ஆடுவான்.

எதிர்க் கட்சி சொல்றதையும் எழுதிடறேன். "எங்க அப்பன் என்னை அடிச்சுத்தான் வளர்த்தார், நான் கெட்டா போயிட்டேன்?" இது முதல் கேள்வி. பயிருக்கு யூரியா வேணும்தான். பயிர் மெதுவா வருதேன்னு பொறுமையில்லாம மூட்டை மூட்டையாப் போட்டா என்ன ஆகும்? பார்க்கப் பச்சைப் பசேல்னு இருக்கும், ரோட்டுல போறவன் நின்னு பார்ப்பான். தண்டுல பலம் இருக்காது. புகையான் வரும், கதிர் வர்ற நேரத்துல ஒரு காத்துக்குச் சாஞ்சு படுத்துடும். பத்து வயசுல கோப்பை கோப்பையா ஜெயிச்சுட்டுப் பதினஞ்சு வயசுல "வேணாம்பா"ன்னு நின்ன பையன்களை எல்லா ஊர்லயும் பார்க்கலாம்.

ரெண்டாவது கேள்வி, "கபடின்னா சத்தம் இருக்கத்தான் செய்யும். காகிதம் எதுக்கு, இது என்ன கோர்ட்டா?" கோர்ட்டு ஏற்கெனவே வந்தாச்சு. கபடிப் போட்டிக்கு அனுமதி கேட்டு மதுரைக் கிளைக்குப் போன வழக்குகள்ல, வீரர்கள் குடிச்சுட்டு ஆடக் கூடாது, சட்டையில சாதித் தலைவர், கட்சித் தலைவர் படம் கூடாதுன்னு நீதிமன்றமே நிபந்தனை எழுத வேண்டியிருந்துச்சு. நாமளா எழுதிக்காததை ஜட்ஜ் வந்து எழுதிக் கொடுக்கிற நிலைமை நமக்குப் பெருமையா?

மூணாவது, "இப்படி மெதுவாப் பழக்கினா சாம்பியன் வருமா?" நார்வேன்னு ஒரு நாடு. நம்ம சென்னை ஜனத்தொகையைவிடக் குறைவான ஜனம். அங்க 1987-லேயே குழந்தைகள் விளையாட்டுக்குன்னு விதி எழுதிட்டாங்க. சின்னப் பிள்ளைங்க போட்டியில தர வரிசை போடறதில்ல, எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம்னு சொல்ல பிள்ளைக்கே உரிமை உண்டு. அந்த நாடு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ல 16 தங்கம் வாங்கி முதல் இடத்துல நின்னுச்சு. இந்த விதியாலதான் தங்கம்னு நான் சொல்லல, பனியும் பணமும் அவங்ககிட்ட நிறைய. இந்த விதி தங்கத்தைத் தடுக்கலைன்னு மட்டும் சொல்றேன்.

சும்மா கிடைக்கல இதெல்லாம். எங்க அணிக்கு பனியன் வாங்கிக் கொடுத்தவர் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டார். "என் காசுல பனியன் போட்டுக்கிட்டு எனக்கே கயிறு கட்டுவியா"ன்னு கேட்டார். மகனையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். அவன்தான் எங்க அணியில நல்லாப் பாடிப் போறவன். அவன் இல்லாம முதல் வெளியூர்ப் போட்டியில முதல் சுத்துலேயே தோத்து வந்தோம். அந்தப் பையன் சாயங்காலம் சைக்கிளை அரசமரத்துல சாச்சு வெச்சுட்டு, கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டுப் போறான். பழக்குறவர் அவங்க அம்மாகிட்ட ரெண்டு தடவை பேசியிருக்கார். இன்னும் ஒண்ணும் ஆகல. எதிர்க் கட்சிக்காரங்க என்னைக் கேக்கிறது அந்தப் பையனைக் காட்டித்தான். எனக்கும் வலிக்கத்தான் செய்யுது. ஆனா ஒருத்தர் பனியன் வாங்கிக் கொடுத்தார்ங்கிறதுக்காக அவருக்கு மட்டும் கயித்தை அவுத்துவிட்டா, மத்த இருபது பிள்ளைக்கும் அது வெறும் கயிறாயிடும்.

நகரத்துல இருக்கிற உங்களுக்கும் இது அந்நியம் இல்லைன்னு நினைக்கிறேன். இங்க திடல், அங்க அகாடமி. மாசாமாசம் ஆயிரக்கணக்குல கட்டி பேட்மின்டன், கிரிக்கெட், நீச்சல்னு அனுப்புறீங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து போன்ல வீடியோ எடுத்து, கார்ல போகும்போது ஒவ்வொரு ஷாட்டா நிறுத்திக் காட்டுற அப்பா உங்க அடுக்குமாடியிலயும் இருப்பார். எங்க ஆள் வண்டியில திட்டுறார், உங்க ஆள் கார்ல ஏசி போட்டுத் திட்டுறார். பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்க பிள்ளை ஆடுற இடத்துல இப்படி ஒரு காகிதம் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா நாலு பெத்தவங்க சேர்ந்து எழுதுங்க. ஒரு பக்கத்துக்கு மேல வேணாம். முதல் கையெழுத்து உங்களோடதா இருக்கட்டும்.

எங்க காகிதத்துல கடைசியா ஒரு வரி உண்டு, பழக்குறவர் சேர்க்கச் சொன்னது. ஆட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில ஆட்டத்தைப் பத்திப் பெத்தவங்க பேச்செடுக்கக் கூடாது. பிள்ளையா எடுத்தா பேசலாம். இல்லைன்னா, பசிக்குதான்னு மட்டும் கேளுங்க.