கமா படுத்தும் பாடு

எண் 14, எட்டாவது கிராஸ், மல்லேஸ்வரம், பெங்களூர். இந்த முகவரியில் போஸ்ட்மேனுக்குக் குழப்பம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டருக்கு இருக்கிறது. பெயர், முகவரி, பாக்கித் தொகை என்று மூன்று கட்டங்கள் உள்ள ஒரு பட்டியலை, கட்டங்களுக்கு நடுவே கமா போட்டு அனுப்பினால், மறுமுனையில் உள்ள சாஃப்ட்வேர் ஒவ்வொரு கமாவிலும் வரியை வெட்டும். பாக்கித் தொகை இருக்க வேண்டிய மூன்றாவது கட்டத்தில் 'எட்டாவது கிராஸ்' வந்து உட்கார்ந்துகொள்ளும். தொகையையே 1,50,000 என்று நம் ஊர் வழக்கப்படி எழுதியிருந்தால் அதுவும் மூன்று துண்டாகும்.

சி.எஸ்.வி. என்ற பெயரில் உலகம் முழுவதும் சுற்றும் ஃபைல்கள் இந்த ரகம்தான். வங்கிக் கணக்கு விவரம், வாக்குச்சாவடி வாரியான முடிவுகள், மழை அளவு என்று எதையும் இதில் அடைக்கலாம். 1972-லேயே ஐ.பி.எம்.மின் ஃபோர்ட்ரான் மொழியில் கமாவால் பிரித்த எண்களைப் படிக்க முடிந்தது. ஆனால் இதற்கான விதிகளை எழுதிவைக்க 2005 அக்டோபர் வரை யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. இன்டர்நெட்டின் ஆர்.எஃப்.சி. வரிசையில் 4180 என்ற எண்ணுடன் அப்போது வெளியான சிறிய ஆவணமும் தகவலுக்காக மட்டுமே. அதை மீறினால் கேட்பார் இல்லை.

அதன்படி, கமா உள்ள கட்டத்தை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வைக்க வேண்டும். முகவரிப் பிரச்சினை தீர்ந்தது. சரி, கட்டத்துக்குள்ளேயே மேற்கோள் குறி இருந்தால்? அதை இரண்டு முறை போட வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு கடையின் சரக்குப் பட்டியலில் 'டி.வி. 21"' என்று இருக்கிறது. அங்குலத்துக்கான அந்தக் குறியை மறந்துவிட்டு, புரோகிராமர் முன்னும் பின்னும் மேற்கோள் குறி சேர்த்துவிடுகிறார். இப்போது கடைசியில் இரண்டு குறிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. படிக்கும் சாஃப்ட்வேர் விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது: இரண்டு குறி என்றால் எழுத்தில் ஒரு குறி, கட்டம் இன்னும் முடியவில்லை. எனவே அடுத்த கமாவையும், அடுத்த வரியையும், அதற்கடுத்த வரியையும் டி.வி.யின் பெயராகவே நினைத்து விழுங்கிக்கொண்டு போகிறது, இன்னொரு மேற்கோள் குறி தட்டுப்படும் வரை. கட்டத்துக்குள் புது வரி வரலாம் என்பதும் விதிதான். ஆகவே ஃபைலில் எத்தனை வரி என்று எண்ணிப் பார்ப்பதும் உதவாது.

கமாவே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் நிம்மதியாக இல்லை. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் தசமப் புள்ளியின் இடத்தில் கமா. அதனால் அங்கே கட்டங்களைப் பிரிப்பது செமிகோலன். மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி பல வருடங்களாக வெளியிட்டு வரும் தினசரி என்.ஏ.வி. பட்டியலும் செமிகோலன் கட்சிதான். போதாக்குறைக்கு நடுநடுவே வெற்று வரிகளும், ஃபண்ட் நிறுவனத்தின் பெயர் மட்டும் தாங்கிய வரிகளும் வரும். எல்லா வரியும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பி எழுதிய புரோகிராம் அங்கே தடுமாறும். வேடிக்கை என்னவென்றால், பிரிப்பதற்கென்றே ஆஸ்கி அட்டவணையில் 28 முதல் 31 வரை நான்கு எழுத்துகள் ஒதுக்கப்பட்டுள்ளன. எந்த முகவரியிலும் எந்த டி.வி.யின் பெயரிலும் அவை வராது. ஆனால் கீபோர்டில் அவற்றுக்குத் தனி பட்டன் இல்லை, திரையில் பார்க்கவும் முடியாது. யாரும் சீண்டவில்லை.

புரோகிராம் தடுமாறி நின்றுவிட்டால் நல்லது. யாராவது பார்ப்பார்கள். நிற்காமல் போவதுதான் ஆபத்து. 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் அதுதான் நடந்தது. சோதனைக் கூடங்கள் கொரோனா முடிவுகளை இப்படிப்பட்ட டெக்ஸ்ட் ஃபைல்களாக அனுப்பின. பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து அமைப்பு அவற்றைப் பழைய ரக எக்செல் ஃபைலில் ஏற்றியது. டெக்ஸ்ட் ஃபைலின் நீளத்துக்கு எல்லை கிடையாது. பழைய எக்செலுக்கு உண்டு: 65,536 வரிகள். மிஞ்சியவை சத்தமில்லாமல் வெட்டுப்பட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் கணக்கில் வரவில்லை. தொற்று இருப்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் போக வேண்டியவர்களுக்குத்தான் தகவல் நேரத்துக்குப் போகவில்லை. இந்தத் தாமதத்தால் 1,25,000-க்கும் அதிகமான கூடுதல் தொற்றுகளும் 1,500-க்கும் அதிகமான மரணங்களும் நேர்ந்திருக்கலாம் என்று தீமோ ஃபெட்ஸர், தாமஸ் கிரேபர் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் அந்த ஆண்டே மதிப்பிட்டார்கள்.

வெட்டுவது ஒரு வகை என்றால், திருத்துவது இன்னொரு வகை. சி.எஸ்.வி. ஃபைலில் இது எண், இது எழுத்து, இது தேதி என்று சொல்ல வழியே இல்லை. திறக்கும் எக்செல் தானாக ஊகிக்கிறது. பூஜ்யத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்ணின் தலை உதிர்கிறது. 16 இலக்க எண் என்றால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடுகிறது. அப்படியே சேமித்து அனுப்பினால் பழைய எண்ணை மீட்க முடியாது.

'மார்ச்1', 'செப்ட்2' என்று மனித ஜீன்களுக்குப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக்கியது. 2004-லேயே விஞ்ஞானிகள் புகார் சொன்னார்கள். எக்செல் வடிவில் ஜீன் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஒரு ஆய்வு காட்டியது. சாஃப்ட்வேர் மாறுவதாகத் தெரியவில்லை. ஜீன்களுக்குப் பெயர் சூட்டும் குழு பொறுத்துப் பார்த்துவிட்டு 2020-இல் பெயர்களையே மாற்றியது. 'மார்ச்1' இப்போது 'மார்ச்எஃப்1', 'செப்ட்2' இப்போது 'செப்டின்2'. தானாகத் தேதியாக்குவதை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது 2023-இல்.