இரவல் சட்டை

தவளக்குப்பத்தில் கறிவேப்பிலைச் செடி இல்லாத கொல்லை குறைவு. அதில் புழு வைத்தால் உடனே மருந்தைத் தேடுகிறோம். "முந்தாநாள் காக்கா எச்சம் மாதிரி கெடந்துச்சு, இப்ப பச்சையாயி மொறைக்குது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சரியாகத்தான் பார்த்திருக்கிறார். குஞ்சுப் புழு எச்சம்போல் கிடந்து பறவையை ஏமாற்றும். வளர்ந்ததும் பச்சை உடம்பில் பொய்க்கண் தோன்றும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டை ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும்.

இந்தப் புழுதான் வளர்ந்து கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சியாகும். ஆண் கறுப்பு, பின்சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணில் மூன்று தினுசு. ஒருத்தி ஆணைப் போலவே இருப்பாள். இன்னொருத்தி ரோஜா அழகி என்னும் வேறு பட்டாம்பூச்சியைப் போல, மற்றவள் சிவப்புடல் அழகி என்பதைப் போல. மூவரும் ஒரே இனம்தான் என்று 1865இல் விளக்கியவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். யாருக்கு எந்தச் சட்டை என்பதை 'டபுள்செக்ஸ்' என்கிற ஒற்றை மரபணு தீர்மானிப்பதாக 2014இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் அவரோடு உழைத்தவர்களும் கண்டார்கள்.

ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் புழுவாக இருக்கும்போது ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி போன்ற செடிகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி கிட்டே வராது. நஞ்சே இல்லாத நம் கறிவேப்பிலைக்காரி அந்த அச்சத்தில் பிழைக்கிறாள். உடம்பைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: அசலுக்குச் சிவப்பு, வேடக்காரிக்குக் கறுப்பு.

ஆனால் அசல் இருந்தால்தான் வேடம் செல்லும். ஜப்பானின் தென்கோடியிலுள்ள ரியூக்யூத் தீவுகளில் ரோஜா அழகி வந்து குடியேறிய பிறகே வேடமிட்ட பெண்கள் பெருகியதாகப் பதிவு இருக்கிறது. அசல் அற்றுப்போனால் பறவைக்கு பயம் எதற்கு?

கடலூர் சாலையோரம் வயல் மனையாகும்போது பொக்லைன் முதலில் வழிப்பது ஆடுதீண்டாப்பாளை போன்ற வரப்புச் செடிகளைத்தான். பிறகு வாசலில் இட்லிப் பூ வைத்துப் பட்டாம்பூச்சிக்குக் காத்திருக்கிறோம். தேன் குடிக்க வரும்; முட்டையிட அதற்கு வேண்டிய செடி அங்கே இருக்காது. மனை வாங்கியவர்களே, வீடு எழும்பும்வரையாவது வேலியோரத்தை விட்டுவையுங்கள். ஆடே வாய் வைக்காத செடி, உங்களை என்ன செய்துவிடப்போகிறது?